முதல் மூன்று எழுத்து

ட்ரூரோ மரண விசாரணை மன்றத்தில்
சொன்னதைச் சொன்னபடி தட்டச்சு செய்வது என் வேலை.
இருமலைச் சேர்ப்பதில்லை.
அழுகை வந்தால் ‘இடைவெளி’ என்று போடுவேன்.

பிப்ரவரி. ஹீட்டர் கடகடத்துக்கொண்டிருந்தது.
லிசார்ட் முனைக்கு அப்பால் மூழ்கிய நண்டுப் படகு பற்றிய வழக்கு.
ஒரே சாட்சி டென்சில் ட்ரெகியர்.
ஈனும் ஆட்டுக்குக் காவலிருந்தவர்
இரவு இரண்டேகாலுக்குப் பாறை மேட்டிலிருந்து
கடலில் ஒரு வெளிச்சம் கண்டிருக்கிறார்.

என்ன வெளிச்சம்?

“போலீசிடம் கிளிண்ட் என்றீர்கள்.
இன்று காலை கிளிம்மர் என்கிறீர்கள்.”
கொரோனர் போல்கிளேஸ் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா.”

எப்படி ஒன்றாகும்?
கிளிண்ட் கத்திமுனையில் நிலா பட்டுத் தெறிப்பது.
இமைப்பதற்குள் முடிந்துவிடும்.
அதற்கு எதுவும் எரிய வேண்டியதில்லை,
ஒரு தகரம் போதும்,
கோபக்காரன் கண் போதும்.
கிளிம்மருக்கு எங்கோ ஒன்று எரிய வேண்டும்,
அணையாமலிருக்கப் பாடுபட வேண்டும்.
நம்பிக்கைக்கு எங்கள் மொழி இரவல் கொடுத்திருப்பது அந்தச் சொல்லைத்தான்.
கிளிண்டை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

காப்பீட்டு வக்கீல் வேறு சிலவும் கொண்டுவந்திருந்தார்.
ஷிம்மரோ? அன்று கடல் அவ்வளவு அமைதியாக இல்லை.
கிளீம்? அது தேய்த்து வைத்த பித்தளைக்கு.
“கிளேர் இல்லையே?”
“கிளேர்னா கண்ணைத் திருப்பியிருப்பேன், சார்.”
யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பையும் சேர்ப்பதில்லை.

படகில் அவசர விளக்கு இருந்தது உறுதியானால் பணம் உண்டு.
ஆகவே மூன்றாம் வரிசையில்
கணவனின் மழைக்கோட்டுக்குள் உட்கார்ந்திருந்த மோர்வெனாவுக்காக
கிளிம்மர், கிளிம்மர் என்று
அறை முழுக்க உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்தாள்.
“ரேடியோ அடங்கினது ஒண்ணு பத்துக்கு.
ரெண்டேகாலுக்கு விளக்கு எரிஞ்சதுன்னா
ஒரு மணி அஞ்சு நிமிஷம்
அவர் அதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கார்.”

இடைவெளி.

உட்கார்ந்துவிட்டாள்.
ஹீட்டரை யாரோ நிறுத்தினார்கள்.

டென்சில் மடியில் தொப்பியை ஒரு முழுச் சுற்று சுற்றினார்.
“ஆட்டுக்குக் குட்டியோட கால் திரும்பியிருந்துச்சு.
நான் குனிஞ்சுட்டேன்” என்றார், கேட்காத கேள்விக்கு.

“பதிவுக்காக, ட்ரெகியர். அந்த ஒரு சொல்.”

என் விரல்கள் முந்திக்கொண்டு
ஜி, எல், ஐ தட்டிவிட்டன.
அதுவரை இரண்டுக்கும் ஒரே பாதை.
அங்கே நின்றேன்.
திரையில் கர்சர் தோன்றித் தோன்றி மறைந்தது;
அதற்கென்றும் ஒரு சொல் இருக்கிறது,
அதை யாரும் கேட்கவில்லை.

“கிளிண்ட்” என்றார்
கொரோனரைப் பார்க்காமல், மூன்றாம் வரிசையைப் பார்த்து.

விசைப்பலகையில் ‘என்’னும் ‘எம்’மும் பக்கத்துப் பக்கத்து வீடு.
நடுவே வேலிகூட இல்லை.
முதல் வீட்டைத் தட்டினேன்.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது.
கார் நிறுத்துமிடத்தில் போன் டார்ச்சை அடித்து
ஈரத் தரையில் சாவி தேடிக்கொண்டிருந்தார் டென்சில்.
நானும் குனிந்து தேடினேன்.
சக்கரத்தடியில் அது பளிச்சிட்டது. எடுத்துக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டவர் கதவைத் திறக்கவில்லை.

“குட்டியை வெளியே இழுத்துப் போட்டுட்டு
நிமிர்ந்து பார்த்தேன்” என்றார்.
“அப்பவும் இருந்துச்சு.”

வெளியில் சொல்லப்படுவதை
நான் தட்டச்சு செய்வதில்லை.