அழித்தபின் ஓடிய தூரம்

ஒரு லட்சத்துப் பத்தாயிரம், பதினெட்டுத் தவணை.
என் ஸ்கேனருக்கு ஆரஞ்சு ரப்பர் உறை.
விழுந்தாலும் உடையாது என்றான் விற்றவன்.
தவணைதான் விழுகிறது, மாதாமாதம், தலையில்.

எண்ணூறு ரூபாய்க்கும் ஒன்று இருந்தது.
தீப்பெட்டி அளவு, நீலம்.
போனோடு பேசும், கோடு சொல்லும், கோடு அழிக்கும்.
நடுவாந்தரமாய்ப் பன்னிரண்டாயிரத்துக்கு ஒன்று:
ஏபிஎஸ் பார்க்கும், ஏர்பேக் பார்க்கும்.
நான் பெரியதைக் கேட்டேன்.
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
ஷெட்டுக்குள் நுழைகிறவன்
முதலில் பார்ப்பது
கையில் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

தேசிங்கு ஒரு வெள்ளை ஸ்விஃப்டோடு வந்தான்.
குடியாத்தத்துத் தரகன்,
லுங்கி மடிப்பில் நான்கு கார்ச் சாவி.
டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு
மஞ்சளாய், அசையாமல்.
செருகினேன்.
பி ஜீரோ நானூற்று இருபது.
"இன்னாபா, கார் என்னையே திட்டுது" என்று சிரித்தான்.

கேட்டலிஸ்ட் தன் வேலையைச் செய்யவில்லை என்கிறது எண்.
கேட்டலிஸ்ட் செத்திருக்கலாம்.
பின் சென்சார் பொய் சொல்லலாம்.
சைலன்சர் இணைப்பில் எங்கோ காற்று நுழையலாம்.
எண் என்பது புகார்.
புகாரில் எழுதிய பேரெல்லாம்
குற்றவாளி ஆகிவிடுமா?

"பாக்க வேணாம். அழி.
மத்தியானம் காட்பாடில பார்ட்டி."
இருநூறு ரூபாய்.
நிச்சயமா என்று ஒருதரம் கேட்டது மெஷின்.
கேட்கிற மெஷினுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறேன்.
விளக்கு அணைந்தது.

காந்தி நகரில், கேட்டுக்கு வெளியே, வெயிலில்
ஹெப்சிபா நின்றிருந்தாள்.
ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிறவள்.
நான் கூடப் போயிருந்தேன்,
மெக்கானிக்கே கேரண்டி என்று சொல்வதற்கு.
டயரை உதைக்கவில்லை, பெயின்ட்டைத் தடவவில்லை.
கைப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியிலிருந்து
நீலத் தீப்பெட்டியை எடுத்தாள்.

"கோடு ஒண்ணும் இல்ல."
தேசிங்கு தலையாட்டினான்.
"மானிட்டர் ஒண்ணும் முடியவும் இல்ல.
சாம்பிள் கேட்டா
கழுவின ட்யூப்பக் குடுத்த மாதிரி இருக்கு."
விரல் இன்னும் கீழே போனது.
"அழித்தபின் ஓடிய தூரம், எட்டு கிலோமீட்டர்."

அந்த எட்டு எனக்குத் தெரியும்.
கிரீன் சர்க்கிளில் நசுங்கிக் கிடந்த அரைமணி,
தண்ணீரே இல்லாத பாலாற்றுக்கு
அவ்வளவு நீளப் பாலம்,
அதில் தேசிங்கு சொன்ன ஜோக்,
நான் சிரித்தது.
என் ஸ்கேனரிலும் அதே வரி இருக்கிறது.
ஒன்பதாம் பக்கம்.
நான் அதுவரை போனதே இல்லை.

"என்ன கோடுண்ணா இருந்துச்சு?"
அவனைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள்.
தேசிங்கின் செருப்பு
என் காலைத் தேடி வந்து மிதித்தது.
சொன்னேன்.

இருபத்தைந்தாயிரம் குறைத்து வாங்கிக்கொண்டாள்.
திரும்பும்போது பஸ்ஸில் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்தாள்.
விளக்கும் வந்திருந்தது.
எஞ்சின் சூடேறுமுன்
ரஃபி புகைக்குழாயில் துணி வைத்து அழுத்த,
நான் படுத்துக்கொண்டு
இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன்.
மூன்றாவது போல்ட்டுக்குப் பக்கத்தில்
கடுகளவு நுரை, மூச்சு விட்டது.
கேஸ்கெட் நூற்றெண்பது.
கூலி கேட்கக் கூசியது.
கேட்டேன். தவணை இருக்கிறது.

ஆரஞ்சு உறையைக் கையில் எடுத்ததும்
"அழிக்காதீங்க" என்றாள்,
"சரியாயிருந்தா அதுவே அணையட்டும்."

செவ்வாய்: ராணிப்பேட்டை போய் வந்தேன். எரியுது.
புதன்: ஆற்காடு. எரியுது.

இன்று வாலாஜா வரை போகிறாளாம்.
தேசிங்கு எதிர்க் கடையில் டீ குடிக்கிறான்,
என் பக்கம் திரும்பாமல்.
ரஃபி பாதி ஷட்டரை இறக்கிவிட்டான்.
எண்ணெய்க் கையால் போனைத் திருப்புகிறேன்,
துடைக்கிறேன்,
மறுபடி திருப்புகிறேன்.