ஃபர்வானியா, மூன்றாம் மாடி

சர்க்கரை டப்பாவைச் சுற்றிக் கிராம்பு,
ஜன்னல் விளிம்பில் எலுமிச்சைத் தோல்,
கதவிடுக்கில் பட்டைத் தூள்.
ஸ்ப்ரே அடித்தால் ஆறு பேருக்கும் இருமல்,
ஜன்னலைத் திறக்கலாமென்றால்
வெளியே ஐம்பது டிகிரி.

இரண்டே நாளில் அடுப்படியில் ஒன்றுகூட இல்லை.
சேசுபாலன் மோந்து பார்த்துவிட்டு
“கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருக்குடே” என்றான்.

மூன்றாம் நாள்
பாங்கு சொல்வதற்கு முன்னால்
குளியலறை விளக்கைப் போட்டேன்.
பீங்கான் விளிம்பில்
மெல்லிய கறுப்புக் கோடு,
அசைந்துகொண்டு.

வழி தவறி வந்திருக்கும் என்று
நினைக்கப் பார்த்தேன்.
குனிந்தால்
அங்கே ஏற்கெனவே நாலு கிராம்பு,
ஈரத்தில் ஊறி, மொட்டு உதிர்ந்து.
என் பொட்டலத்தில் எடுத்தவைதான்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி மெடிக்கல்.

தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.
டீ போட்டேன், ஆறு கிளாஸ்.
ஒன்றில் மட்டும் சர்க்கரை போடாமல்
சதக்கத்துல்லாவிடம் நீட்டினேன்.
பூட்ஸ் கயிறு கட்டியபடியே
ஒரு வாய் குடித்தார்.
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
இன்னொரு வாய்.

வேன் ஹாரன் கேட்டது.
கிராம்புப் பொட்டலத்தைச்
சோப்புப் பெட்டிக்குப் பின்னால்
வைத்துவிட்டு இறங்கினேன்.