மூக்குச் சாட்சி

கொட்பே ஐஸ் ஆலையில்
பதினேழு வருசமாய் இரவுக் காவல்
என் மூக்கு.
மானி பொய் சொல்லும்.
ஊசி நின்ற இடத்திலேயே நித்திரையாகிவிடும்.
அமோனியா நூலளவு கசிந்தாலும்
கண்ணுக்குள் யாரோ வெங்காயம் அரிவார்கள்.

கந்தகக் குச்சி ஒன்றைக் கொளுத்தி
குழாய் நெடுக நடப்பேன்,
பேய் பார்க்கப் போகிறவன் மாதிரி.
வெள்ளைப் புகை எங்கே தடிக்கிறதோ
அங்கே திருகாணியை இறுக்கு.
இவ்வளவுதான் என் படிப்பு.

நேற்று உப்புவெளி ஹோட்டலில் கூட்டம்.
கரைவலைக்காரர், ஓட்டோச் சங்கம்,
ஆலையிலிருந்து நாங்கள் மூன்று பேர்,
குளிரூட்டியில் நடுங்கும் வெண்கட்டிச் சொண்டுகள்.
திரையில் ஒரு கப்பல்.
புகைபோக்கி கழுவிக் கவிழ்த்த கிண்ணம் போல.
வெயிலையும் காற்றையும் தண்ணீரையும் பிசைந்து
அமோனியா செய்து
அதையே எரித்து ஓடுமாம்.
சீனக்குடாவின் பழைய எண்ணெய்த் தாங்கிகளுக்கு
அயலில் புதுத் தாங்கிகள்.

ரபாய்தீன் முழங்கையால் இடித்தான்:
"உன்ட ரெண்டாம் தாரத்துக்கு வந்த வாழ்வைப் பாரு."

சிரித்தேன்.
மீனை விறைக்கவைத்துக் காலம் தள்ளியவள்
கடல் தாண்டப் போகிறாள்.
பெருமையாகத்தான் இருந்தது.

ஆசையும் இருந்தது, மறைப்பானேன்.
மண்ணெண்ணெய் வரிசையில்
வெறுங் கானைக் கயிற்றில் கட்டி
கயிற்றை விரலில் கட்டி
நாலு இரவு வீதியில் படுத்தவன் நான்.
வாங்க ஆளில்லாமல் என் ஐஸ்
வாய்க்காலில் ஓடியது.
ஊரின் மூச்சு
காசு கட்டாத ஏதோ கப்பலின் வயிற்றில்
நங்கூரமிட்டுக் கிடந்த மாதம் அது.
வெயிலை எவனும் கடனுக்கு அனுப்ப வேண்டியதில்லை.

மச்சினி சுகிர்தமலர் பற்றரி ஓட்டோ வாங்கினாள்.
சத்தமே இல்லை; ஒழுங்கை நாய்கள்
அதைக் குலைக்க மறந்து வெட்கப்பட்டன.
பெற்றோலில் மிஞ்சிய காசில்
முன்பல் இரண்டு கட்டினாள்.
ஒரு பின்னேரம் இருக்கைக்கு அடியில் வெக்கை.
தீயணைப்புக்காரர் தண்ணீர் அடித்து, நூர்த்து,
தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார்கள்.
விடியற்புறம் அது மறுபடி பிடித்தது.
பெற்றோல் எரிந்தால் எரிந்து முடியும்.
இது யோசித்து யோசித்து எரிந்தது.

கேள்வி நேரம். ஒலிவாங்கி என் கைக்கு வந்தது.
"காற்று எந்தப் பக்கம், பிள்ளை?"

பொறியியலாளர் துளசிகா விளங்காமல் பார்த்தாள்.

"கச்சானில் கசிந்தால் பட்டினம்.
வாடையில் கசிந்தால் கிண்ணியா.
உங்கட படத்தில
தாங்கி இருக்கு, குழாய் இருக்கு, காற்றைக் காணேல்லையே."

அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.
"முன்பு எப்போதாவது கசிந்ததா?"

சிவலோகன் காற்றோடு ஓடினான்.
குறுக்கே ஓடு, குறுக்கே ஓடு என்று கத்தினேன்.
பூவரசிலிருந்து காகங்கள்
பழம் போல விழுந்துகொண்டிருந்தன.
இப்போது அவன் பேரப்பிள்ளைகளைக்
குரலால்தான் பிரித்தறிகிறான்.
இதை ஒலிவாங்கியில் சொல்லவில்லை.
"கொஞ்சம்" என்றேன்.

கூட்டம் முடிய, படிவம் ஒன்று தந்தாள்.
பயிற்றுநர் வேலை. நல்ல சம்பளம்.
"உங்கள் மூக்குத்தான் ஐயா வேணும்."

அவளுக்குத் தெரியாது,
ரபாய்தீனுக்கும் தெரியாது:
கொரோனாவுக்குப் பிறகு
மல்லிகையும் மீன் குடலும்
எனக்கு ஒன்றுதான்.

இரவு. ஆலை இரைகிறது.
சட்டைப் பையில் படிவம் மடித்தபடி.
துறைமுகத்தில் ஒரு கப்பலின் விளக்கு
கரும்புகையைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறது.
சாரத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன்,
வாடை இன்னும் திரும்பவில்லை.

கந்தகக் குச்சியைக் கொளுத்துகிறேன்.
இன்று இரண்டு.