நாலு பத்து

இரவு ஒன்பது என்று சொல்லி
பின்னேரம் நாலு பத்துக்கே ஏற்றிவிட்டார்கள்.
காலிமுகக் காற்றில் அடித்துக்கொள்ளும் பதாகையில்
எங்கள் பெயருக்கு ஓர் எழுத்துப்பிழை.

ருஷ்தியின் டபுள் பெடலுக்குள் இருப்பது
பஞ்சிகாவத்தையில் பேரம் பேசி வாங்கிய
ஸ்கூட்டர் ஸ்பிரிங்.
தாங்குமா?
இரண்டு பாட்டு முடியும்வரை
என் பேஸ் கிட்டார் அதைத்தான் கேட்டது.

மைக்கைப் பிடித்திருப்பவன் துவாரகன்.
கோட்டை ஸ்டேஷனில்
ரயில் தாமதத்துக்கு
மூன்று மொழியிலும் பணிவாக மன்னிப்புக் கேட்பது
அவனுக்குச் சம்பளம்.

இப்போது அதே தொண்டையில்
தார் கொதிக்கிறது.
முப்பது தலைகள் முடியைச் சுழற்ற
இஸ்ஸோ வடைக்காரர்
காதைப் பொத்தவும் கையில்லாமல்
எண்ணெயையே பார்த்து நிற்கிறார்.
என்ன மொழி என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.
எனக்குத் தெரியும்:

கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி,
வெள்ளவத்தை...
கரையோர வண்டியின் எல்லாத் தரிப்பும்,
ஒவ்வொன்றின் வாலிலும்
ஒரு மன்னிக்கவும்.

மொறட்டுவையில் ஸ்பிரிங் அறுந்தது.
ருஷ்தி ஒற்றைக் காலால் உதைத்தான்.
வண்டி நிற்கவில்லை.

பாணந்துறைக்குப் பிறகு
துவாரகனுக்கு மூச்சு இல்லை.
பாடசாலைச் சப்பாத்தோடு முன்னால் நின்ற ஒருத்தி
முஷ்டியை உயர்த்தி
அந்தச் சொல்லை அவனுக்காகக் கத்தினாள்,
சொல் என்னவென்று தெரியாமல்,
சரியான இடத்தில்.