பத்தொன்பது

நவம்பர். அகுரேரியில்
மூன்றரைக்கே விளக்குப் போட்டாயிற்று.
கடலாய்வு நிலையத்தின் கீழ்த்தளம்:
நான், ஒரு காப்பிக் கோப்பை,
எல்லோருக்கும் பொதுவான ஒரே இயந்திரம்.

திரையில் பட்டியல் ஓடுகிறது.
தோர்கெயிரின் காட் மீன் கணக்கு
நானூற்றுப் பன்னிரண்டு கிளைகளாய்
முதல் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது.
ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இலை கேட்கிறது,
போய்ச் சேர்வது ஒரே வயிற்றுக்கு.

அடியில், திரை முடிகிற இடத்தில்,
ஸ்தைனார்.
திமிங்கிலக் குரல்களைப் பிரித்தறியும் சின்ன நிரல்.
பணிவு எண் பத்தொன்பது.
அதற்கு மேல் பணிய இந்த இயந்திரத்தில் எண் இல்லை.

யாரும் சொல்லவில்லை, அவனே போட்டுக்கொண்டது.
‘என் வேலை அவசரமில்லை’ என்று
பக்கத்தில் குறிப்பு வேறு.
மற்றவர் ஆயிரம் கவளம் உண்ணும் நேரத்தில்
இவனுக்குப் பதினைந்து.
பதினொரு நாளாய் ஒரு திமிங்கிலம்
பாதி மூச்சில் நிற்கிறது.

பிறகு முயன்றிருக்கிறான், பதிவேட்டில் இருக்கிறது.
பத்து கேட்டான். மறுப்பு.
பதினெட்டாவது கிடைக்குமா என்று கேட்டான். மறுப்பு.
விதி பழையது, நான் எழுதியதல்ல:
குனிவதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.
நிமிர வேண்டுமானால்
என்னிடம் வர வேண்டும்.
அவன் வரவில்லை.

எனக்கு எதையும் மாற்றும் அதிகாரம் உண்டு.
கழித்தல் இருபது வரை கொடுக்கலாம்,
தோர்கெயிரின் மீன்களெல்லாம்
வாயைத் திறந்தபடி காத்திருக்கும்.
என் சம்பளத் தாளில் கையெழுத்துப் போடுவது
தோர்கெயிர் என்பதும் நினைவுக்கு வந்தது.
காப்பி ஆறியது.

பூஜ்யம் போட்டேன்.
சலுகை இல்லை அது,
எல்லா நிரலும் பிறக்கும்போது கொண்டுவரும் எண்.
பத்து நிமிடம் பார்த்தேன்.
நானூற்றுப் பதின்மூன்றில் ஒரு பங்கு.
தனியாள் நிமிர்ந்து நின்றாலும்
கூட்டத்தில் தலை தெரிவதில்லை.

எனவே பங்கீட்டையே மாற்றினேன்:
எத்தனை இலை போட்டாலும்
ஆளுக்கு ஒரு பங்குதான்.
இனி அந்தப் பூஜ்யத்துக்கு வேலையில்லை,
பத்தொன்பதே இருந்தாலும் ஒன்றுதான்.
இருந்தும் அதை அழிக்க மனம் வரவில்லை.

இங்கே விடிவது பத்து மணிக்கு.
அதற்குள் திமிங்கிலம் முடித்துவிட்டது.

தோர்கெயிரிடமிருந்து
இதுவரை ஒன்றும் வரவில்லை.
ஸ்தைனார் எழுதியிருந்தான்:
‘என் நிரல் நேற்றிரவு
கொஞ்சம் வேகமாக ஓடிவிட்டது போலிருக்கிறது.
யாருக்காவது இடைஞ்சலாக இருந்திருந்தால்
மன்னிக்கவும்.’