முப்பத்தொன்றாம் கணினி

வேலந்தாவளத்தில் எங்கள் பல்கலைக்கழக மையத்தின்
மேற்குச் சன்னலோரம் நின்றால்
கேரளம் வரவேற்கிறது என்கிறது கைப்பேசி.
நாற்காலிக்குத் திரும்பினால் மறுபடி தமிழ்நாடு.

ஒப்பந்தத்தில் எனக்கு இன்னும் ஒன்பது நாள்.
பழைய பதிப்புக்கு அதுகூட இல்லை,
செவ்வாயோடு ஆதரவு முடிகிறது.

சனி இரவு. அறுபத்திரண்டு கணினி,
நானும் ஹம்சத்தும், ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வறுவல்.
பென்டிரைவைச் செருகு, மீண்டும் தொடங்கு, காத்திரு.
ஒவ்வொன்றும் அப்போதுதான் பிறந்த மாதிரி கேட்கிறது:
எந்த மொழி? எந்த நாடு? எந்த விசைப்பலகை?

பதினேழாவது நாற்பத்துமூன்று விழுக்காட்டில் நின்றது.
ஹம்சத் மலையாளத்தில் கெஞ்சினான்,
நான் தமிழில் திட்டினேன்.
எதற்கு அசைந்ததோ.

இரண்டரைக்குக் கணவாய்க் காற்று எழுந்து
மின்சாரம் போனது.
இருட்டில் யுபிஎஸ்கள் மட்டும் கீச்சிட்டன.

முப்பத்தொன்றைத் தொடவில்லை.
அதன் முதுகிலிருந்து சாம்பல் வயர் ஒன்று
மொட்டைமாடிக்கு ஏறுகிறது, காற்றுமானிக்கு.
அதைச் செய்த கம்பெனியை இழுத்து மூடியாயிற்று.
புதிய பதிப்பில் அந்த மென்பொருள் வாய் திறக்காது.
"பதினோரு வருசக் காத்து, தம்பி"
என்றிருந்தார் பேராசிரியர் மாகாளி,
வேறொன்றும் சொல்லவில்லை.

வலைக் கம்பியைப் பிடுங்கினேன்.
தாள் ஒட்டினோம்: இணைக்காதீர்.
தமிழில் நான், கீழே மலையாளத்தில் ஹம்சத்.
அவன் எழுதியது கொஞ்சம் நீளம்,
என்னவென்று கேட்கவில்லை.

விடியும்போது அறுபத்தோரு திரையிலும்
ஒரே மலை, எந்த ஊர் மலையோ.
முப்பத்தொன்று
மேற்கிலிருந்து நொடிக்கு ஒன்பது மீட்டர்
என்று குறித்துக்கொண்டிருந்தது.
செவ்வாய்க்கிழமை பற்றி
அதற்கு யாரும் சொல்லவில்லை.