இருபது நிமிட நிலை

தலையை ஏழரை முறை அடுக்கினால்
ஓர் ஆள் என்றார்கள்.
என் தாளில் தாமோதர்
முழங்காலோடு முடிந்துபோனார்.

பைகுல்லா, மூன்றாம் மாடி.
கரித்தூள் பறக்கிறதென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள்.
அவர் கழுத்தில் இறங்கும் வியர்வையை
நான்கு முறை அழித்து வரைந்தேன்,
அது நகர்ந்துகொண்டே இருந்தது.

இடைவேளையில் சட்டையை மாட்டிக்கொண்டு
கட்டிங் சாயாவோடு ஒவ்வொரு தாளாகப் பார்த்து வந்தவர்
என்னுடையதன் முன் நின்றார்.
"இது என் தம்பி மூக்கு" என்றார் இந்தியில்.
"பேசி இரண்டு வருஷமாச்சு."

ஐந்து மணிக்குக் கல்யாண் வண்டிக்கு ஓடிவிட்டார்.
மேடையில்,
நிலை மாறக்கூடாதென்று அவர் பாதங்களைச் சுற்றி
யாரோ இழுத்த சாக்பீஸ் கோடு.
இடது சுண்டுவிரல் மட்டும்
கொஞ்சம் விலகி.

புதுத் தாள் எடுத்தேன்.
இந்த முறை
கீழேயிருந்து.